படிக் கணக்கும் கிலோ கணக்கும்



நம் கூட்டமைப்பில் சாம்பார்ப் பொடி, சத்துமாவு, ஊறுகாய், முறுக்கு, அதிரசம் என்று செய்து விற்கும் குழுக்கள் இப்போது நிறைய உள்ளன. கைப்பக்குவத்தில் நம் பெண்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தால் ஒரு குழப்பம் தெரிகிறது. பொருள் வாங்குவது கிலோவில். செய்வது டம்ளரிலும் படியிலும். விற்பது மறுபடியும் கிராமில். நடுவில் உள்ள டம்ளருக்கும் இரண்டு பக்கத்தில் உள்ள கிலோவுக்கும் என்ன உறவு என்று கேட்டால், "அது கை அளவுங்க, தப்பாது" என்ற பதில்தான் வருகிறது. வீட்டுக்குச் சமைக்கும்போது கை அளவு தப்பாது. உண்மைதான். நாலு பேர் மாறி மாறிச் செய்து, கடைக்குக் கொடுத்து, காசு வாங்கும்போது தப்பும். எங்கே தப்புகிறது, எப்படிச் சரி செய்வது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். படி, உழக்கு, ஆழாக்கு, டம்ளர், கரண்டி எல்லாம் ஒரு பொருள் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று காட்டும் அளவுகள். இதைக் கொள்ளளவு என்கிறோம். கிலோ, கிராம் என்பது எவ்வளவு கனம் என்று காட்டுவது. இடமும் கனமும் ஒன்றல்ல. ஒரு டம்ளர் மல்லி விதையையும் ஒரு டம்ளர் உப்புத்தூளையும் இரண்டு கையில் தூக்கிப் பாருங்கள், தராசே வேண்டாம், கையே சொல்லிவிடும். மல்லி உருண்டை, உள்ளே பொக்கு, நடுவில் காற்று. உப்புத்தூள் நெருங்கி உட்காரும். அதனால் "ஒரு டம்ளர் எத்தனை கிராம்?" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்தப் பொருள் என்று சொன்னால்தான் கணக்கு.

நம் பாட்டி காலத்துக் கணக்கு சுத்தமான கணக்குதான். 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு படி, 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். சிக்கல் என்னவென்றால் படியே ஊருக்கு ஊர் வேறு. பெரிய படி, சின்னப் படி, பட்டணம் படி என்று எத்தனையோ. இப்போது பல வீடுகளில் இருப்பது எவர்சில்வர் லிட்டர் படி. எடைக்கும் வீசை, பலம், சேர் என்று வைத்திருந்தார்கள். ஒரு வீசை 40 பலம், ஏறத்தாழ 1 கிலோ 400 கிராம். பழைய சமையல் நோட்டில் "2 பலம் புளி" என்று இருந்தால் சுமார் 70 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குழப்பத்துக்காகத்தான் 1956ல் சட்டம் போட்டு, 1958 முதல் கிலோ, கிராமை நாடு முழுக்கக் கொண்டு வந்தார்கள். கடையில் மாறிவிட்டது. நம் அடுப்படியில் இன்னும் முழுசாக மாறவில்லை.

அதிரசத்தை எடுத்துக்கொள்வோம். "ஒரு படி பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம்." இது எல்லா ஊரிலும் கேட்கிற பக்குவம். கவனித்தீர்களா, அரிசி படியில், வெல்லம் கிலோவில்! இதைச் சொன்ன அம்மாவின் வீட்டுப் படியில் ஒரு கிலோ அரிசி பிடிக்கும் என்று வையுங்கள். அவருக்கு அதிரசம் சரியாக வரும். கேட்டு எழுதிக்கொண்ட பெண் வீட்டில் லிட்டர் படி. அதில் அரிசி 820 கிராம்தான் நிற்கும். அதற்கு 615 கிராம் வெல்லம் போதும். முக்கால் கிலோ போட்டால் இனிப்பு ஏறி, அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும். இன்னொரு ஊரில் பெரிய படி, 1 கிலோ 350 கிராம் பிடிக்கும். அங்கே ஒரு கிலோவுக்குச் சற்று மேல் வெல்லம் வேண்டும். முக்கால் கிலோவோடு நிறுத்தினால் கல் மாதிரி வரும். "என் கைராசி சரியில்லை" என்று அந்தப் பெண் வருத்தப்படுவார். கைராசிக்கு இதில் என்ன வேலை? படி வேறு, அவ்வளவுதான்.

இதிலேயே இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். அரிசியை ஊறவைப்பதற்கு முன் எடை போட வேண்டும். ஊறி, வடிகட்டிய பிறகு ஒரு கிலோ அரிசி ஒன்றேகால் கிலோவுக்கு வந்துவிடும். சில சமயம் அதற்கும் கொஞ்சம் மேலே போகும். அந்தக் கூடுதல் எடை வெறும் தண்ணீர். ஊறிய அரிசியை நிறுத்து அதற்கு வெல்லம் கணக்குப் போட்டால் எல்லாம் தலைகீழ்.

சரி, டம்ளரைக் கிராமாக மாற்றுவது எப்படி? இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு எலக்ட்ரானிக் தராசு, ஒரு நோட்டு, ஒரு பேனா. குழுவுக்கு என்று ஒரே ஒரு டம்ளரை ஒதுக்கி வையுங்கள். அதை யாரும் காபி குடிக்க எடுக்கக்கூடாது! முதலில் காலி டம்ளரை நிறுங்கள். 62 கிராம் என்று வருகிறது என்போம். அடுத்து விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி நிறுங்கள். 262 கிராம். காலி டம்ளரைக் கழித்தால் தண்ணீர் 200 கிராம். ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம் என்பதால் அது 200 மில்லி டம்ளர் என்று தெரிந்துவிட்டது. டம்ளரை நன்றாகத் துடைத்துவிட்டு உளுந்தைப் போடுங்கள். குவியலாக வேண்டாம். கத்தியின் முதுகாலோ ஸ்கேலாலோ தலை வழித்துவிடுங்கள். தட்டவும் கூடாது, அமுக்கவும் கூடாது. நிறுத்தால் 231 வருகிறது. கொட்டிவிட்டு மறுபடி அள்ளுங்கள், 228. இன்னொரு தடவை, 234. மூன்றையும் கூட்டினால் 693, மூன்றால் வகுத்தால் 231. காலி டம்ளர் 62 போனால் உளுந்து 169 கிராம். நோட்டில் எழுதுங்கள், தேதியோடு.

"ஒரு தடவை நிறுத்தால் போதாதாக்கா?" என்று கேட்பீர்கள். ஒரு தடவை போதாது. அள்ளும் கை மாறினாலே ஐந்து, பத்து கிராம் மாறும். மூன்று தடவை நிறுத்தால்தான் எவ்வளவு மாறுகிறது என்று நம் கண்ணுக்கே தெரியும்.

தலை வழித்த 200 மில்லி டம்ளரில் சுமாராக எவ்வளவு நிற்கும் என்று கீழே கொடுத்துள்ளோம். இது ஒரு வழிகாட்டிதான். நீங்கள் நிறுத்தது இதோடு கொஞ்சம் வேறுபட்டால் உங்கள் தராசு சொல்வதையே எழுதிக்கொள்ளுங்கள். ரொம்ப வேறுபட்டால் தராசையோ டம்ளரையோ சரிபாருங்கள்.

தூள் உப்பு: 235 முதல் 245 கிராம்
பால்: 205 கிராம்
எண்ணெய்: 182 முதல் 185 கிராம்
அரிசி: 160 முதல் 170 கிராம்
உளுந்து, துவரை, கடலைப் பருப்பு: 165 முதல் 175 கிராம்
சர்க்கரை: 165 முதல் 170 கிராம்
வெந்தயம்: 145 முதல் 155 கிராம்
ரவை: 135 முதல் 145 கிராம்
நிலக்கடலைப் பருப்பு: 120 முதல் 125 கிராம்
மிளகு: 100 முதல் 115 கிராம்
அரிசி மாவு: 105 முதல் 130 கிராம்
கோதுமை மாவு, கேழ்வரகு மாவு: 100 முதல் 115 கிராம்
சீரகம்: 85 முதல் 95 கிராம்
தேங்காய்த் துருவல்: 65 முதல் 75 கிராம்
மல்லி விதை: 60 முதல் 70 கிராம்

மிளகாய் வற்றலை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. நீட்டு மிளகாய் டம்ளரில் குறுக்கும் நெடுக்குமாக நிற்கும், பாதிக்கு மேல் காற்று. ராமநாதபுரம் குண்டு மிளகாய் வேறு மாதிரி உட்காரும். காம்போடு ஒரு கணக்கு, காம்பு கிள்ளினால் ஒரு கணக்கு, வெயிலில் காய்ந்த பிறகு நொறுங்கினால் இன்னொரு கணக்கு. மிளகாயைப் படியில் அளக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். காம்பு கிள்ளிக் காயவைத்த பிறகு நேராகத் தராசில் போடுங்கள். சாம்பார்ப் பொடி ஒரு தடவை காரம், ஒரு தடவை சப்பென்று இருக்கிறது என்று கடைக்காரர் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மாவும் தொல்லை பிடித்ததுதான். மில்லில் இருந்து வந்து சலித்த கோதுமை மாவு பூப்போல இருக்கும். டம்ளருக்கு நூறு கிராம்கூட வராது. அதே மாவு இரண்டு நாள் டின்னில் அமுங்கிக் கிடந்தால் 120ஐத் தாண்டும். மாவு அதே மாவு, டம்ளரும் அதே டம்ளர். சத்துமாவு செய்யும் குழுக்கள் மாவாக அளக்காமல், தானியமாக இருக்கும்போதே நிறுத்துக்கொள்வது நல்லது.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாங்கள் போய் வந்த ஒரு குழுவில் மாங்காய் ஊறுகாய் மேலே பூஞ்சை பூத்துவிட்டது. மாங்காயைக் குறை சொன்னார்கள், பாட்டிலைக் குறை சொன்னார்கள். "ஈரக்கை வச்சிட்டா"ன்னு ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட்டுப் பேச்சு வார்த்தைகூட நின்றுபோனது. உட்கார்ந்து கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. வழக்கமாகத் தூள் உப்பு போடுவார்கள். அந்தத் தடவை கல் உப்பு போட்டிருக்கிறார்கள், அதே டம்ளர் கணக்கில். கல் உப்பு இடைவெளி விட்டு உட்காரும், கூடவே ஈரமும் பிடித்திருக்கும். தூள் உப்பு 240 கிராம் நிற்கும் டம்ளரில் கல் உப்பு 200 கிராம்தான் நின்றது. டம்ளருக்கு 40 கிராம் குறைந்தால் பத்து டம்ளருக்கு 400 கிராம். ஊறுகாயைக் கெடாமல் காப்பதில் உப்புக்குப் பெரிய பங்கு. அதில் குறைந்தால் பூஞ்சை வரத்தான் செய்யும். முறுக்கில் இதற்கு நேர் எதிராக நடக்கும். கல் உப்புக்குச் சொன்ன கரண்டிக் கணக்கில் தூள் உப்பைப் போட்டு, வாயில் வைக்க முடியாமல் போகும். எந்த உப்பாக இருந்தாலும் கிராமில் நிறுத்துப் போட்டால் இந்தப் பிரச்சினை இல்லை. ஈரமான கல் உப்பை மட்டும் வெயிலில் காயவைத்து நிறுங்கள்.

இப்போது காசுக் கணக்குக்கு வருவோம். சாம்பார்ப் பொடி ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். மல்லி 8 டம்ளர், அதாவது 520 கிராம். மிளகாய் வற்றல் 300. துவரம்பருப்பு ஒரு டம்ளர் 170. கடலைப்பருப்பு ஒரு டம்ளர் 165. மிளகு அரை டம்ளர் 50. சீரகம் அரை டம்ளர் 45. வெந்தயம் கால் டம்ளர் 40. விரலி மஞ்சள் 30. கூட்டினால் 1,320 கிராம். வறுக்கும்போது ஈரம் போகும், மில்லில் கொஞ்சம் ஒட்டும், சலித்தால் கொஞ்சம் கப்பி நிற்கும். கைக்கு வந்த பொடி 1,240 கிராம் என்போம். நஷ்டம் 80 கிராம். இந்த இரண்டாவது எடையைப் பெரும்பாலான குழுக்கள் எழுதுவதே இல்லை. விலை போட வேண்டியது இதை வைத்துத்தான். போட்ட பொருளின் எடையை வைத்துப் போட்டால் அடி வாங்குவோம்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்ளுங்கள். பொருள் 250 ரூபாய், மில் கூலியும் விறகும் 40, கவர், லேபிள் 34, நம் உழைப்புக்குக் கூலி 110. (கூலியை எழுதுங்கள். "நம்ம வேலைக்கு என்ன கூலி"ன்னு விட்டுவிடாதீர்கள்.) மொத்தம் 434 ரூபாய். 1,240ஆல் வகுத்தால் ஒரு கிராம் 35 பைசா. 100 கிராம் பாக்கெட்டுக்கு அடக்கம் 35 ரூபாய். கடைக்கு 42 ரூபாய்க்குக் கொடுக்கிறோம். 12 பாக்கெட்டுக்கு 504 ரூபாய். செலவு போக 70 ரூபாய் நிற்கும், 40 கிராம் பொடியும் மிச்சம் இருக்கும்.

அதே பொடியைத் தராசில் போடாமல், "இந்தக் கிண்ணம் நூறு கிராம்தான்" என்று கிண்ணத்தால் அள்ளி அடைக்கிறோம். கிண்ணத்தில் உண்மையில் நிற்பது 115 கிராம். என்ன ஆகும்? 10 பாக்கெட்தான் வரும், 420 ரூபாய். செலவோ 434. கூலி முழுசாகக்கூடக் கைக்கு வராமல், டப்பாவில் 90 கிராம் பொடிதான் மீதி. "நல்லாத்தானே விக்குது, ஏன் காசு நிக்க மாட்டேங்குது?" என்று பல கூட்டத்தில் கேட்கிறீர்களே, அந்தக் காசு இந்த 15 கிராமில்தான் போயிருக்கிறது. வங்கிக் கடன் வாங்கித் தொழில் செய்யும் குழுவுக்கு இது விளையாட்டு அல்ல.

சரி, குறைவாக நிற்கும் கிண்ணமாக இருந்தால் லாபம்தானே என்று யாரும் நினைக்க வேண்டாம். 100 கிராம் என்று லேபிளில் போட்டுவிட்டு 90 கிராம் வைத்தால் அது வாங்குபவரை ஏமாற்றுவது, சட்டப்படி குற்றம். 2009ல் வந்து 2011 முதல் நடைமுறையில் உள்ள சட்டமுறை எடையளவுச் சட்டம் நமக்கும் பொருந்தும். நிகர எடை என்றால் பொருளின் எடை மட்டும். கவர், பாட்டில், மூடி எதுவும் அதில் சேராது. பில்லிலோ விலைப்பட்டியலிலோ "ஒரு படி சத்துமாவு" என்று எழுதுவதும் கூடாது, கிலோ, கிராமில்தான் எழுத வேண்டும். பாக்கெட்டில் பொருளின் பெயர், குழுவின் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம், வருடம், வரி உள்பட அதிகபட்ச விலை எல்லாம் இருக்க வேண்டும். உணவுப் பொருளுக்கு வேறு சில விவரங்களும் உண்டு. அதைத் தனியாக எழுதுவோம்.

எடைக் கணக்கு கையில் இருந்தால் பெரிய ஆர்டர் வந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. 10 கிலோ சாம்பார்ப் பொடி கேட்கிறார்கள். ஒரு பங்குக்கு 1 கிலோ 240 கிராம். 8 பங்கு போட்டால் 9 கிலோ 920 கிராம்தான் வரும், 80 கிராம் இடிக்கும். எட்டேகால் பங்காகப் போட்டுவிடுங்கள். மல்லி 4 கிலோ 290 கிராம், மிளகாய் 2 கிலோ 475 கிராம் என்று கடைச் சீட்டை அப்படியே எழுதிவிடலாம். டம்ளர் கணக்கில் 66 டம்ளர் மல்லியை எண்ணி முடிப்பதற்குள் நடுவில் ஒருத்தர் பேச்சுக் கொடுத்தால் போச்சு.

எண்ணெய் வாங்கும் குழுக்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். எண்ணெய் தண்ணீரைவிட லேசு. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான். 15 கிலோ டின் என்றால் ஏறத்தாழ 16 லிட்டர் 480 மில்லி. 15 லிட்டர் டின் என்றால் 13 கிலோ 650 கிராம். இரண்டும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருக்கும், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். விலையை மட்டும் கேட்காமல் டின்னில் கிலோ போட்டிருக்கிறதா லிட்டர் போட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். தேன் இதற்கு நேர் எதிர். ஒரு லிட்டர் தேன் 1 கிலோ 400 கிராம் வரை வரும். மலைப்பகுதிக் குழுக்கள் கிலோ விலைக்கு வாங்கி லிட்டர் விலைக்கு விற்கும்போது இதைக் கணக்கில் வைக்காவிட்டால் கை நஷ்டம்தான்.

தராசைப் பற்றி இரண்டு வார்த்தை. சமதளத்தில் வையுங்கள், ஃபேன் காற்று நேராகப் படக்கூடாது. காலித் தட்டில் பூஜ்யம் காட்டுகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். பாத்திரத்தை வைத்துவிட்டு 'டேர்' பட்டனை அழுத்தினால் பாத்திர எடை கழிந்துவிடும், கழித்தல் கணக்கு மிச்சம். பெருங்காயத்தூள் மாதிரி இரண்டு, மூன்று கிராம் பொருளைச் சாதாரணத் தராசு சரியாகக் காட்டாது. பத்து ஸ்பூன் சேர்த்துப் போட்டு, வந்ததைப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். சமையலுக்கு என்று விற்கும் சின்னத் தராசு பக்குவம் பார்க்க உதவும். விற்பனைக்கு அடைக்கும் தராசில் அரசு முத்திரை இருக்க வேண்டும். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் காட்டி, எலக்ட்ரானிக் தராசுக்கு வருடம் ஒருமுறை முத்திரையைப் புதுப்பிக்க வேண்டும்.

எண் படிக்கத் தெரியாத மூத்த உறுப்பினர்கள் சில குழுக்களில் இருக்கிறார்கள். பக்குவம் அவர்கள் கையில்தான் இருக்கிறது, அவர்களை ஒதுக்கிவிட்டுத் தராசைக் கொண்டுவந்தால் குழுவுக்குத்தான் இழப்பு. அதற்கு ஒரு வழி உண்டு. 500 கிராம் மல்லியை நிறுத்து ஒரு நேரான பாத்திரத்தில் கொட்டி, லேசாகச் சமன் செய்து, மட்டம் நிற்கும் இடத்தில் நகப்பாலிஷால் கோடு போடுங்கள். மல்லிக்குச் சிவப்பு, பருப்புக்குப் பச்சை. அவர்கள் கோடு வரை அள்ளினால் போதும். புது மூட்டை பிரிக்கும்போது மட்டும் ஒரு தடவை நிறுத்து, கோடு சரியாக இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள். புது மல்லி பருமனாக இருந்தால் கோடு கொஞ்சம் ஏறும். மழைக்காலத்தில் ஈரம் பிடித்த சரக்கு என்றால் காயவைத்த பிறகு நிறுக்க வேண்டும்.

அடுத்த ஊராட்சி அளவிலான கூட்டத்துக்கு வரும்போது உற்பத்திக் குழுக்கள் தங்கள் டம்ளர் அல்லது படி ஒன்றையும், செய்யும் பொருளின் பக்குவம் எழுதிய நோட்டையும் கொண்டு வாருங்கள். நாங்கள் தராசு கொண்டு வருகிறோம். கூட்டத்துக்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி ஒவ்வொரு குழுவின் அளவையும் நிறுத்து எழுதிக்கொள்வோம். ஊறுகாய்க் குழுக்கள் உப்பையும் ஒரு கவரில் எடுத்து வரவும்.